பெருங்குடலில் தோன்றும் பைகள்: நோயை அறிதலும் நாடவேண்டிய வழியும்

திருமங்கலம், திருப்பரங்குன்றம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வயிற்று நோயுடன் மதுரைக்கு வருவோர் பலர், சிம்மக்கல்லைக் கடந்து, 1889-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் வழியே வையையைத் தாண்டி, கோரிப்பாளையத்தை அடுத்துள்ள அரசு இராஜாஜி மருத்துவமனையை அடைகின்றனர். முன்னாளில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி எனப் பெயர் பெற்றிருந்தது இதுவே. அங்கு வந்து சேருமுன் ‘சூடு’ என்றும், ‘வாயு’ என்றும், ‘மூலம்’ என்றும் தாமே பெயரிட்டுக்கொண்டு, வாரக்கணக்கில் காலத்தைக் கழித்துவிடுவோர் நம்மிடையே உளர். வயிற்றினுள் நிகழ்வது இன்னதென அறியாமையே இதற்குக் காரணம். ஆதலின், அத்தகைய நோய்களுள் ஒன்றாகிய பெருங்குடற் பை நோயைப் பற்றி ஈண்டு விளக்க முற்படுகின்றோம். மருத்துவர் இதனை ‘டைவர்ட்டிகுலர்’ நோய் என வழங்குவர்.

பை எவ்வாறு உண்டாகிறது?

பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். உணவின் சக்கையிலிருந்து நீரை உறிஞ்சி, எஞ்சியதை மலமாக்கி வெளியே தள்ளுவது அதன் தொழில். அக்குழாயின் சுவரைத் துளைத்துக்கொண்டு சிறு இரத்தக் குழாய்கள் உள்ளே செல்கின்றன. கண்மாய்க் கரையில் மடை அமைந்த இடத்தில்தான் கசிவுக்கு அச்சம் அதிகம் என்பதை உழவர் யாவரும் அறிவர். அதுபோலவே, இரத்தக் குழாய் நுழையும் இடங்களில் குடற்சுவர் வலிமை குறைந்திருக்கும். உள்ளே அழுத்தம் மிகும்போது, அவ்விடங்களில் குடலின் உட்சவ்வு வெளிப்புறமாகப் பிதுங்கிச் சிறு பைகளாகிறது. ஒவ்வொன்றும் பெரும்பாலும் அரை செண்டிமீட்டர் முதல் ஒரு செண்டிமீட்டர் வரை இருக்கும்.

பைகள் இருப்பது வேறு. நோய் உண்டாவது வேறு. பை உள்ளவருள் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் ஒரு துன்பமும் அறியார். பைகளில் ஒன்று அழற்சியுற்று வீங்கினாலோ, அதன் அருகிலுள்ள இரத்தக் குழாய் கிழிந்து குருதி கசிந்தாலோதான் தொல்லை தோன்றுகிறது.

உணவும் பிற காரணங்களும்

1971-ஆம் ஆண்டில் நீல் பெயிண்ட்டர், டெனிஸ் பர்க்கிட் என்னும் இரு மருத்துவ அறிஞர்கள் ஒரு கருத்தை வெளியிட்டனர். ஆப்பிரிக்கக் கிராம மக்களிடம் இந்நோய் அரிதாக இருக்க, தீட்டிய மாவை உண்ணும் மேனாட்டாரிடம் மிகுந்திருப்பதற்கு, உணவில் நார்ப்பொருள் குறைந்ததே காரணம் என்பது அவர்கள் கொள்கை. பைகள் தோன்றுவதற்கு நார்க்குறைவு ஒன்றே காரணமன்று எனப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. முதுமை, பரம்பரை ஆகியவற்றுக்கும் அதிற் பங்குண்டு. ஆயினும், நார் மிகுந்த உணவை உண்போருக்குப் பைகள் வீங்கித் துன்புறுத்தும் அபாயம் குறைவு என்பது உறுதியாகியுள்ளது.

உடற்பருமன், புகைத்தல், உடலுழைப்பின்மை ஆகியவை அபாயத்தை மிகுவிக்கின்றன. மூட்டு வலிக்கெனக் கடையில் தாமே வாங்கி நாள்தோறும் விழுங்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் வீக்கத்துக்கும் குருதிக்கசிவுக்கும் வழி கோலுகின்றன. வயல் வேலையால் முழங்கால் தேய்ந்த முதியோர் இதைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

மேனாடுகளில் 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இப்பைகள் உண்டு. அவை பெரும்பாலும் குடலின் இடப்புறத்தில் தோன்றுகின்றன. ஆசிய மக்களிடையே வலப்புறத்தில் தோன்றுவதும் மிகுதி. இவ்வேறுபாடு நோயை அறிவதில் பெரிதும் பயன்படும்.

அறிகுறிகள்

அழற்சி உண்டானால், அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் விடாத வலி, தொட்டால் நோவு, காய்ச்சல், குமட்டல், மலச்சிக்கல் அல்லது பேதி ஆகியவை தோன்றும். இடப்புறப் பை வீங்கினால் வலி இடப்புறம். வலப்புறப் பை வீங்கினாலோ, குடல்வால் அழற்சியைப் போலவே தோன்றி, தேர்ந்த மருத்துவரையும் மயங்கச் செய்யும்.

குருதிக்கசிவு பெரும்பாலும் வலியின்றித் திடீரென நிகழும். மலத்துடன் சிவந்த இரத்தம் மிகுதியாகப் போகும். இதனை ‘மூலம்’ எனத் தாமே தீர்மானித்துச் சும்மா இருத்தல் கூடாது. மூலத்திலும் இரத்தம் போகும், குடற்புற்றிலும் போகும், குடற் காசநோயிலும், சீதபேதியிலும் போகும். எது என்பதைச் சோதனையன்றி எவரும் கூற இயலாது. புற்றுநோயாயின், இழக்கும் ஒவ்வொரு மாதமும் உயிருக்கே கேடாய் முடியும்.

மருத்துவர் நோயை அறியும் முறை

முதலில் வயிற்றை அமுக்கிப் பார்த்து, இரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கையைச் சோதிப்பர். சிறுநீரகக் கல், குடல்வால் அழற்சி, பெண்களுக்குக் கருப்பை சார்ந்த நோய்கள் ஆகியவை அல்லவென்று தெளிய, சிறுநீர்ச் சோதனையும் அல்ட்ராசவுண்ட் படமும் உதவும். உறுதியாக அறியச் சி.டி. ஸ்கேனே சிறந்த சாதனம். வீங்கிய பையையும், அதன் அருகில் சீழ்க்கட்டி உண்டாயின் அதையும், குடல் துளைபட்டு வெளியேறிய காற்றையும் அது காட்டிவிடும்.

குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் கொலனாஸ்கோப்பி சோதனையை வீக்கம் கடுமையாக உள்ளபோது செய்வதில்லை; நலிந்த சுவர் துளைபடலாம் என்பதே காரணம். வீக்கம் தணிந்து 6 முதல் 8 வாரங்களுக்குப் பின், புற்று மறைந்திருக்கவில்லை எனத் தெளிவதற்காக அதனைச் செய்வர். வலி நின்றுவிட்டது என்று அந்நாளில் மருத்துவமனைக்குச் செல்லாதிருப்பது பெருந்தவறு.

சிகிச்சை

இலேசான வீக்கம் ஓய்வினாலும், சில நாள் நீர்த்த உணவினாலும், மருத்துவர் வேண்டுமெனக் கருதினால் கொடுக்கும் கிருமிக்கொல்லி மருந்தினாலும் தணியும். பெரிய சீழ்க்கட்டியைப் படம் பார்த்து ஊசிக்குழாயால் வடிப்பர். குடல் துளைபட்டு, மலம் வயிற்றறையிற் பரவினால் உடனே அறுவைச் சிகிச்சை வேண்டும்.

வயிற்று வலி கடுமையாக உள்ளபோது பேதி மருந்து உட்கொள்ளுதல், எனிமா கொடுத்தல், ‘குடலேற்றம்’ எனக் கூறி வயிற்றைத் தடவி அழுத்துதல் ஆகிய மூன்றையும் அறவே தவிர்த்தல் வேண்டும். மெலிந்த பை வெடிப்பதற்கு இவை ஏதுவாகும். காய்ச்சலுடன் வலி, வயிறு பலகைபோல் இறுகுதல், இரத்தப்போக்குடன் மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று கண்டால், நமது மாநிலத்தில் 2008-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் 108 ஆம்புலன்ஸை உடனே அழைக்க வேண்டும்.

நம் உணவில் நாம் செய்யக்கூடியது

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் கம்பிலும் கேழ்வரகிலும் ஏறத்தாழ 11 கிராம் நார் உண்டு. சோளத்தில் 10 கிராம். தீட்டிய பச்சரிசியிலோ 3 கிராமுக்கும் குறைவு. வளர்ந்தோருக்கு நாள்தோறும் 25 கிராமுக்குக் குறையாத நார் வேண்டும் என உலகச் சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. நம் முன்னோர் உண்ட கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் இதனை எளிதில் அளித்தன. ஒரு வேளையேனும் அவற்றை உண்டு, கீரை, அவரை, கொய்யா, பயறு வகைகளையும் சேர்த்துக்கொள்ளுதல் நன்று. நாரைப் படிப்படியாகக் கூட்டவேண்டும். போதிய நீரும் அருந்தவேண்டும். வீக்கம் கடுமையாக உள்ள நாட்களில் மட்டும் மருத்துவர் சொற்படி நாரைக் குறைத்தல் தகும்.

விதைகளும் கொட்டைகளும் பைகளில் சிக்கி நோயுண்டாக்கும் என்ற பழைய அச்சம் ஆதாரமற்றது. அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல்லாண்டுகள் கவனித்து 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கொட்டைகளோ மக்காச்சோளப் பொரியோ இந்நோயை மிகுவிக்கவில்லை என்று கண்டனர்.

பஞ்சாயத்தின் கடமை

கிராம சபைக் கூட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அழைத்து, மலத்துடன் இரத்தம் போவதைக் குறித்துப் பேசச் செய்யலாம். வெட்கத்தினால் இதை வெளியிற் சொல்லாதிருப்போர் பலர். பெண்கள் சிறப்பாக மறைத்து விடுகின்றனர். 50 வயதைக் கடந்த ஒருவருக்கு இரத்தப்போக்கோ, மலங்கழியும் வழக்கத்தில் மாறுதலோ, காரணமின்றி உடல் மெலிவோ தோன்றினால், அவரைச் சோதனைக்கு அனுப்புவது குடும்பத்தாரின் கடமை. அதற்குத் துணையாக நிற்பது பஞ்சாயத்து அங்கத்தினரின் கடமை. கரையில் கசிவு கண்ட அன்றே மண் கொட்டி அடைக்கும் உழவர், தம் உடலில் கண்ட கசிவையும் அன்றே கவனிப்பாராக.