தாத்தாவின் டிரம் செட்... புதுசாக்கலாமா, அப்படியே விடலாமா?

1964-ம் ஆண்டு, பிப்ரவரி 9. அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'எட் சல்லிவன் ஷோ'வில் பீட்டில்ஸ் குழு பாடியது. பார்த்தவர்கள் சுமார் 7.3 கோடி பேர். மேடையில் சற்று உயரத்தில் உட்கார்ந்து வாசித்த ரிங்கோ ஸ்டாரின் பெரிய டிரம்மில் 'லுட்விக்' என்ற பெயர் பளிச்செனத் தெரிந்தது. அவ்வளவுதான்... 'எனக்கும் டிரம் செட் வேணும்' என்று அமெரிக்கப் பையன்கள் வீட்டில் அடம்பிடிக்க ஆரம்பித்தார்கள். சிகாகோவில் இருந்த லுட்விக் தொழிற்சாலை ஆர்டர்களைச் சமாளிக்க முடியாமல் இரவு பகலாக ஓடியது.

அந்தப் பையன்கள் இன்று தாத்தாக்கள். அவர்களின் டிரம்கள் பரணிலும் கார் ஷெட்டிலும் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றை இறக்கிப் பார்க்கும் பேரப்பிள்ளைகளுக்கு ஒரே குழப்பம். "நிறம் மங்கிப்போச்சே... உரிச்சுட்டுப் புதுசு போட்டுடலாமா?"

அவசரப்பட வேண்டாம். இதில் ஒரு முறை கைவைத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வழியே இல்லை.

மங்குவது ஏன்?

அந்தக் கால டிரம்களில் மர உருளையைச் சுற்றி முத்துபோல் மின்னும் மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒட்டப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது செல்லுலாய்டு வகை. பழைய சினிமா பிலிம் சுருள்களும் இதே குடும்பம்தான். வெயிலும் சிகரெட் புகையும் பட்டால் வெள்ளை முத்து நிறம் வெண்ணெய் நிறமாகும். வயதாக ஆக உறை சுருங்கி, இரண்டு முனைகள் சேரும் இடத்தில் வாய் பிளக்கும்.

பார்க்கக் கவலையாக இருக்கும். ஆனால், பழைய டிரம் சேகரிப்பவர்களுக்கு அந்த மஞ்சளே ஒரு சாட்சி. 'இது அசல், யாரும் கைவைக்கவில்லை' என்று அது சொல்கிறது. உறையை உரித்து புதுசு ஒட்டினாலோ, மரத்தை உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் அடித்தாலோ, பார்வைக்குப் பளபளக்கும். விற்கப் போனால் விலை கணிசமாகக் குறையும்.

ரிங்கோவின் முதல் லுட்விக் செட் 2015-ல் ஏலத்துக்கு வந்தபோது சுமார் 22 லட்சம் டாலருக்குப் போனது. அது ரிங்கோவின் கைபட்டதற்கான விலை. பக்கத்து வீட்டுத் தாத்தா வாசித்த செட்டுக்கு அவ்வளவு கிடைக்காது. ஆனால், 'அசலுக்குத்தான் மதிப்பு' என்ற விதி இரண்டுக்கும் ஒன்றுதான்.

முதலில் துடைத்துப் பாருங்கள்

அழுக்கை, நிறம் போய்விட்டது என்று நினைத்துவிடுபவர்கள் அதிகம். லேசான சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, கடைசியாக பிளாஸ்டிக்குக்கான பாலிஷ். பல டிரம்களுக்கு இதுவே போதும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதில் உள்ள அசிட்டோன் செல்லுலாய்டைக் கரைத்துவிடும். வாய் பிளந்த உறையைப் பசை வைத்து மறுபடி ஒட்டலாம். உலோக வளையங்களில் லேசாகப் பிடித்த துருவையும் பொறுமையாகத் தேய்த்தால் எடுத்துவிடலாம்.

எப்போது மாற்றலாம்?

ஏற்கெனவே யாரோ பெயின்ட் அடித்துவிட்டார்கள், கூடுதல் ஓட்டைகள் போட்டுவிட்டார்கள், உறை துண்டு துண்டாக உடைந்து உதிர்கிறது, அல்லது ஜோடி தொலைந்த ஒற்றை டிரம்... இப்படிப்பட்டவற்றில் அசல் என்பது ஏற்கெனவே போய்விட்டது. இங்கே தயங்க வேண்டியதில்லை. தாராளமாகப் புதுசாக்கி, வாசிக்கலாம்.

அப்போதும் கவனிக்க வேண்டியவை உண்டு:

* பிரிக்கும் முன் உள்ளும் புறமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் தேதி முத்திரை இருந்தால் அதன்மேல் எதையும் பூசாதீர்கள். டிரம்முக்கு அதுதான் பிறப்புச் சான்றிதழ்.
* கம்பெனி பேட்ஜைக் கழற்றும்போது நிதானம் தேவை. வளைந்துவிட்டால் பழையபடி வராது.
* செல்லுலாய்டு எளிதில் தீப்பிடிக்கும். அதிக சூடு காட்டி உரிப்பது ஆபத்து. அனுபவசாலியிடம் கொடுப்பதே நல்லது.
* புதிய உறை தடிமனாக இருந்தால் டிரம்மின் சுற்றளவு கூடி, மேலே போடும் தோல் சரியாக உட்காராது.
* தோல் பதியும் மர விளிம்பைத் தேவையில்லாமல் செதுக்கவிடாதீர்கள். ஓசையை மாற்றுவது வெளிப்பூச்சைவிட அந்த விளிம்புதான்.
* உரித்த உறையைத் தூக்கி எறியாமல், நெருப்பும் வெயிலும் படாத இடத்தில் எடுத்து வையுங்கள்.

கேள்வி ஒன்றுதான்

விற்பதற்கா, வாசிப்பதற்கா, நினைவுக்கா? விற்பதற்கு என்றால் தொடாதீர்கள். வாங்குபவர் முடிவு செய்துகொள்ளட்டும். வாசிப்பதற்கு என்றால், புதுத் தோல் மாட்டி சுருதி சேர்த்தாலே பழைய டிரம் மறுபடி பேசும். நிறம் எப்படி இருந்தாலும் ஓசைக்குக் கவலையில்லை. நினைவுக்கு என்றால், குச்சி பட்ட தழும்பும் புகைபட்ட மஞ்சளும்தான் அந்த நினைவே. அதை உரித்துவிட்டால் மிச்சம் இருப்பது அழகான ஒரு மர உருளை மட்டும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு வருஷம் அப்படியே விட்டுவிடுங்கள். அறுபது வருஷம் காத்திருந்த டிரம்முக்கு இன்னும் ஒரு வருஷம் பெரிதல்ல. புதுசாக்கும் வேலையை அடுத்த வருஷம்கூடச் செய்யலாம். உரித்துப்போட்ட பழசைத்தான் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.