முதல் 74 நாள்கள்: திறன்பேசி விற்பனையில் விளம்பரமும் அறிமுகக் காலமும்

ஆய்வுச் சுருக்கம்

திறன்பேசி ஒன்றின் விற்பனை உயர்வுக்கு விளம்பரம் காரணமா, அது சந்தைக்கு வந்த காலம் காரணமா என்னும் வினா வணிகவியல் ஆய்வுகளில் தொடர்ந்து எழுப்பப்படுகிறது. இவ்விரண்டையும் தனித்தனிக் காரணிகளாகக் கொள்ளும் ஆய்வுகளே மிகுதி. அமெரிக்கச் சந்தையில் 2007 முதல் 2010 வரை அறிமுகமான ஐஃபோன், மோட்டோரோலா ட்ராய்டு, நெக்சஸ் ஒன் ஆகிய மூன்று திறன்பேசிகளின் முதல் 74 நாள் விற்பனையையும், 2012-இல் நோக்கியாவின் லூமியா வரிசை கண்ட சரிவையும் இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. விளம்பரத்தின் ஆற்றலுக்கு அறிமுகக் காலமே எல்லை வகுக்கிறது என்பதும், காலம் தவறிய அறிவிப்பு விற்பனையைக் குறைக்கவும் வல்லது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள் ஆகும்.

திறவுச்சொற்கள்: திறன்பேசி, விளம்பரம், அறிமுகக் காலம், அறிவிப்பு, காத்திருப்புத் தேவை, விற்பனைப் பருவம்

முன்னுரை

சோப்பு, பற்பசை போன்ற நுகர்பொருள்கள் ஆண்டு முழுவதும் ஒரே வடிவில் விற்கப்படுகின்றன. அவற்றின் விளம்பரம் இந்த மாதம் பயன் தராவிடினும் அடுத்த மாதம் தரக்கூடும். திறன்பேசியின் நிலை வேறு. ஒரு மாதிரி கடைக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டுக்குள் அதே நிறுவனத்தின் அடுத்த மாதிரி அதன் இடத்தைப் பிடித்துவிடுகிறது. போட்டி நிறுவனங்களின் புதிய மாதிரிகள் அதற்கும் முன்னரே வந்துவிடுகின்றன. ஆகவே திறன்பேசிக்கான விளம்பரம் குறுகிய கால எல்லைக்குள் பயன் தந்தாக வேண்டிய ஒன்றாகும்.

இவ்வியல்பு ஆய்வு முறையியலிலும் சிக்கலை உண்டாக்குகிறது. "விளம்பரம் உங்கள் வாங்கும் முடிவைப் பாதித்ததா?" என்ற வினாவை ஐந்து புள்ளி அளவுகோலில் கேட்டு, கிடைத்த விடைகளைக் கொண்டு விளம்பரத்தின் தாக்கத்தைக் கணக்கிடுவது வழக்கமாக உள்ளது. விளம்பரம் மிகுதியாக வெளிவரும் காலமும், மக்கள் பொருள் வாங்கும் பருவமும், புதிய மாதிரி கடைக்கு வரும் நாளும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன. அவ்வாறிருக்க, வாங்கியவர் 'ஆம்' என்று கூறும் விடை இம்மூன்றில் எதனைச் சுட்டுகிறது என்பது தெளிவாவதில்லை. இதனை நடந்த நிகழ்வுகளின் வழியே விளக்குவது பயனுடையதாகும்.

அறிமுகத்தின் மூன்று நாள்கள்

'அறிமுகம்' என்ற ஒரு சொல்லால் குறிக்கப்படுவது உண்மையில் மூன்று வெவ்வேறு நாள்களாகும். முதலாவது, நிறுவனம் தன் பொருளை உலகுக்கு வெளிப்படுத்தும் அறிவிப்பு நாள். இரண்டாவது, விளம்பரம் தொடங்கும் நாள். மூன்றாவது, வாடிக்கையாளர் பணம் கொடுத்து வாங்கக்கூடிய கிடைப்பு நாள். இந்நாள்களுக்கு இடைப்பட்ட காலத்தில் வாங்க விரும்பியும் வாங்க இயலாத ஒரு கூட்டம் உருவாகிறது. அதனை இக்கட்டுரை 'காத்திருப்புத் தேவை' எனக் குறிக்கிறது. இக்காத்திருப்பு யாருக்கு நன்மை தருகிறது, யாருடைய விற்பனையைக் குறைக்கிறது என்பதே அறிமுகக் காலத்தைத் தீர்மானிப்பதில் அடிப்படை வினாவாகும்.

ஐஃபோன் (2007): நீண்ட காத்திருப்பு

ஆப்பிள் நிறுவனம் தன் முதல் ஐஃபோனை 2007 ஜனவரி 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் அறிவித்தது. அது கடைக்கு வந்தது ஜூன் 29 அன்று. இடைவெளி 171 நாள்கள். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் ஒப்புதல் நடைமுறையில் பொருளின் விவரங்கள் வெளியாகிவிடும் என்பதால் முன்னரே தாமே அறிவிப்பதாக ஸ்டீவ் ஜாப்ஸ் அந்நிகழ்வில் குறிப்பிட்டார். பிப்ரவரி 25 அன்று ஆஸ்கர் விருது விழா ஒளிபரப்பின்போது முதல் தொலைக்காட்சி விளம்பரம் வெளிவந்தது. திரைப்படங்களில் நடிகர்கள் தொலைபேசியை எடுத்து 'ஹலோ' என்று கூறும் காட்சிகளின் தொகுப்பாக அமைந்த அவ்விளம்பரம், பொருளின் பயன்களை விளக்கவில்லை. ஜூன் மாதத்தில் வருகிறது என்ற செய்தியையே இறுதியில் தந்தது.

இத்தனை நீண்ட இடைவெளி ஆப்பிளுக்கு இழப்பை ஏற்படுத்தாததற்கு எளிய காரணம் உண்டு. அதற்கு முன் ஆப்பிள் தன் பெயரில் கைப்பேசி எதையும் விற்கவில்லை. காத்திருந்தவர்கள் வாங்காமல் தள்ளிப்போட்டது பிற நிறுவனங்களின் பொருள்களையே. ஜூன் காலாண்டு முடிவதற்குள், அதாவது விற்பனை தொடங்கிய இரு நாள்களுக்குள், 2,70,000 ஐஃபோன்கள் விற்றன. பத்து லட்சமாவது ஐஃபோன் 74 நாள்களில் விற்றதாக ஆப்பிள் செப்டம்பர் 10 அன்று அறிவித்தது. அதற்குச் சில நாள்கள் முன்னர், செப்டம்பர் 5 அன்று, 8 ஜி.பி. மாதிரியின் விலை 599 டாலரிலிருந்து 399 டாலராகக் குறைக்கப்பட்டிருந்தது. எனவே பத்து லட்சம் என்னும் எண்ணிக்கையில் விளம்பரத்துடன் விலைக்குறைப்பின் பங்கும் கலந்துள்ளது.

ட்ராய்டு (2009): பருவத்தோடு இயைந்த விளம்பரம்

2009-இல் அமெரிக்காவில் ஐஃபோனை விற்கும் உரிமை ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்திடம் மட்டுமே இருந்தது. வாடிக்கையாளர் எண்ணிக்கையில் முதலிடம் வகித்த வெரைசான் நிறுவனத்திடம் அதற்கு நிகரான திறன்பேசி இல்லை. அக்காலத்தில் அமெரிக்க வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் சலுகை விலைக்குக் கைப்பேசி பெற்றுவந்தனர். ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. ஆகவே தொடுதிரைத் திறன்பேசியை விரும்பியும் நிறுவனம் மாற இயலாத ஒரு பெரும் கூட்டம் வெரைசானிடம் காத்திருந்தது.

இச்சூழலில் மோட்டோரோலா ட்ராய்டின் விளம்பரம் அக்டோபர் நடுவில் தொலைக்காட்சியில் தொடங்கியது. முதல் விளம்பரம் பொருளைக் காட்டவேயில்லை. ஐஃபோனால் செய்ய இயலாதவை என்று ஒரு பட்டியலை வரிவரியாகக் காட்டி, அவற்றை ட்ராய்டு செய்யும் என்று முடித்தது. உண்மையான விசைப்பலகை இல்லாமை, மின்கலத்தை மாற்ற இயலாமை ஆகியன அப்பட்டியலில் இடம்பெற்றன. விளம்பரம் வெளிவந்து ஏறத்தாழ மூன்று வாரங்களில், நவம்பர் 6 அன்று, பொருள் நாடெங்குமுள்ள வெரைசான் கடைகளில் கிடைத்தது. அடுத்து வந்தவை நவம்பர் 26-இன் நன்றி நவிலல் நாளும் கிறிஸ்துமஸும் அடங்கிய பெரும் விற்பனைப் பருவம். ட்ராய்டின் முதல் 74 நாள்களுக்குள் இப்பருவம் முழுமையாக அடங்கிவிட்டது.

நெக்சஸ் ஒன் (2010): பருவம் கடந்த அறிமுகம்

ட்ராய்டு வந்து இரண்டு மாதங்களில், 2010 ஜனவரி 5 அன்று, கூகுள் நிறுவனம் நெக்சஸ் ஒன்னை அறிவித்தது. எச்.டி.சி. தயாரித்த இத்திறன்பேசியும் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் இயங்கியது. அறிவிப்பும் விற்பனையும் ஒரே நாளில் நிகழ்ந்தன. காத்திருப்பு உருவாக இடமில்லை. கூகுளின் இணையக் கடையில் மட்டுமே அதை வாங்க முடிந்தது. கடையில் கையில் எடுத்துப் பார்க்க வழியில்லை. ஒப்பந்தமின்றி 529 டாலர், டி-மொபைல் ஒப்பந்தத்துடன் 179 டாலர் என விலை அமைந்தது. விளம்பரம் பெரும்பாலும் இணையத்தோடு நின்றது. கிறிஸ்துமஸ் பருவம் முடிந்திருந்தது.

மேலும் ஒரு கூறு கவனத்திற்குரியது. வெரைசானுக்கான நெக்சஸ் ஒன் அவ்வாண்டு வசந்த காலத்தில் வரும் என்றும் அன்றே அறிவிக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களைப் பொருத்தவரை இது காத்திருக்கச் சொல்லும் அறிவிப்பாயிற்று. ஏப்ரல் மாதத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டு, எச்.டி.சி.யின் வேறொரு மாதிரியை வாங்குமாறு அவர்கள் அறிவுறுத்தப்பட்டனர். கூகுள் தன் இணையக் கடையை மூடப்போவதாக மே மாதத்தில் அறிவித்தது.

ஒப்பீடு

செயலிப் பயன்பாட்டை அளவிடும் ஃபிளரி நிறுவனம் 2010 மார்ச்சில் வெளியிட்ட மதிப்பீடு மூன்றையும் ஒரே கால அளவில் ஒப்பிட்டது. அதன்படி முதல் 74 நாள்களில் ஐஃபோன் 10 லட்சமும், ட்ராய்டு 10.5 லட்சமும், நெக்சஸ் ஒன் 1.35 லட்சமும் விற்றன. ஒரே இயங்குதளத்தைக் கொண்ட இரு திறன்பேசிகளில், பின்னர் வந்தது முன்னர் வந்ததில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கையே எட்டியது. ஐஃபோனின் எண்ணிக்கை நிறுவனத்தின் அறிவிப்பு. மற்ற இரண்டும் மதிப்பீடுகள் என்பதை ஆய்வாளர் மறத்தல் கூடாது.

நெக்சஸ் ஒன்னின் குறைந்த விற்பனைக்கு விளம்பரக் குறைவே காரணம் என்று முடிவு செய்வது எளிது. ஆயின் தரவு அதற்கு இடந்தரவில்லை. விளம்பரம், பருவம், விற்பனை வழி, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் அளவு ஆகிய நான்கும் இரு திறன்பேசிகளிடையே ஒரே நேரத்தில் வேறுபடுகின்றன. ட்ராய்டின் அதே விளம்பரம் ஜனவரியில் இணையக் கடை ஒன்றுக்காக வெளிவந்திருந்தால், அது தூண்டிய ஆவல் சென்று சேரக் கடையும் இருந்திராது. செலவிடும் பருவமும் இருந்திராது. இக்காரணிகளைக் கூட்டலாகக் காட்டிலும் பெருக்கலாகக் கருதுவதே பொருத்தம். பெருக்கலில் ஓர் எண் சுழியத்தை நெருங்கினால் மற்றவை எத்துணைப் பெரியவையாயினும் விடை சிறுத்துவிடும்.

எதிர்ச்சான்று: நோக்கியா லூமியா (2012)

அறிவிப்பு என்பது செலவில்லா விளம்பரம் என்ற பொதுக் கருத்தை நோக்கியாவின் அனுபவம் மறுக்கிறது. 2011 பிப்ரவரி 11 அன்று தன் முதன்மைத் திறன்பேசித் தளமாக விண்டோஸ் ஃபோனைத் தேர்ந்துள்ளதாக நோக்கியா அறிவித்தது. அப்போது அது விற்றுக்கொண்டிருந்தவை சிம்பியான் திறன்பேசிகள். முதல் விண்டோஸ் திறன்பேசியான லூமியா 800 நவம்பரில்தான் கடைக்கு வந்தது. 2010-இன் இறுதிக் காலாண்டில் 2.83 கோடியாக இருந்த நோக்கியாவின் திறன்பேசி விற்பனை 2011-இன் இரண்டாம் காலாண்டில் 1.67 கோடியாகச் சரிந்தது. ஆண்ட்ராய்டின் வளர்ச்சி இச்சரிவில் பெரும்பங்கு கொண்டது என்பது உண்மையே. எனினும் எதிர்காலமற்றது என நிறுவனமே அறிவித்த தளத்திற்கு விளம்பரம் வலுச்சேர்ப்பது அரிது.

மறு ஆண்டு இதே நிகழ்வு தெளிவான வடிவில் மீண்டும் அரங்கேறியது. லூமியா 900 அமெரிக்காவில் 2012 ஏப்ரல் 8 அன்று ஏ.டி. அண்ட் டி. வழியே விற்பனைக்கு வந்தது. அந்நாள் ஈஸ்டர் ஞாயிறு. ஜூன் 20 அன்று விண்டோஸ் ஃபோன் 8 தளத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அப்போது விற்பனையிலிருந்த லூமியாக்கள் அதற்கு உயர்த்தப்படா என்பதும் தெரியவந்தது. ஜூலையில் லூமியா 900-இன் ஒப்பந்த விலை பாதியாகக் குறைந்தது. செப்டம்பர் 5 அன்று அறிவிக்கப்பட்ட லூமியா 920 நவம்பரில்தான் கிடைத்தது. இடையில் ஐஃபோன் 5 அறிவிக்கப்பட்டுக் கடைக்கும் வந்துவிட்டது. லூமியா விற்பனை இரண்டாம் காலாண்டில் 40 லட்சமாகவும், மூன்றாம் காலாண்டில் 29 லட்சமாகவும், நான்காம் காலாண்டில் 44 லட்சமாகவும் அமைந்தது. நடுவில் விழுந்த பள்ளம் காத்திருப்பின் அளவைக் காட்டுகிறது. தயாரிப்பு மாற்றத்தால் மூன்றாம் காலாண்டு கடினமாக இருக்கும் என்று நோக்கியாவே முன்னுரைத்திருந்தது.

வருங்காலப் பொருளின் அறிவிப்பு நிகழ்காலப் பொருளின் விற்பனையை முடக்குவதை, 1983-இல் நொடித்துப்போன கணினி நிறுவனத்தின் பெயரால் 'ஆஸ்போர்ன் விளைவு' என்பர். ஆப்பிளுக்கு 171 நாள் காத்திருப்பு வலிமையாயிற்று; நோக்கியாவுக்கு இரு மாதக் காத்திருப்பே சுமையாயிற்று. முன்னதற்கு இழக்கப் பழைய பொருள் இல்லை; பின்னதற்கு இருந்தது.

ஆய்வு முறையியலுக்கான குறிப்புகள்

மேற்கண்டவற்றிலிருந்து விற்பனை ஆய்வாளர் கருத்தில் கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவதாக, 'அறிமுக நாள்' என்ற ஒற்றை மாறியை விடுத்து, அறிவிப்பு, விளம்பரம், கிடைப்பு ஆகிய மூன்று நாள்களையும் தனித்தனியே பதிவு செய்தல் வேண்டும். இரண்டாவதாக, ஒரு மாதிரியின் விற்பனையோடு அதே நிறுவனத்தின் முந்தைய மாதிரி இழந்த விற்பனையையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

மூன்றாவதாக, ஒப்பிடும் காலங்கள் ஒரே பருவத்தைச் சார்ந்தனவா என்பதை உறுதி செய்தல் வேண்டும். தமிழகத்தில் இது தனிக் கவனம் பெற வேண்டும். தீபாவளி 2017-இல் அக்டோபர் 18 அன்றும், 2018-இல் நவம்பர் 6 அன்றும் வந்தது. 2017-இல் பண்டிகைக்கு முந்தைய கொள்முதல் அக்டோபர் நடுவிலேயே முடிந்தது. 2018-இல் அது நவம்பர் முதல் வாரம்வரை நீண்டது. இவ்விரு ஆண்டுகளின் நவம்பர் மாத விற்பனையை ஒப்பிட்டு, இடையில் வெளியான விளம்பரத்தின் பயனை அளக்க முற்படும் ஆய்வு, நாள்காட்டியின் நகர்வையே விளம்பரத்தின் வெற்றியாகப் பதிவு செய்துவிடும். பண்டிகை நாளை அடிப்படையாகக் கொண்டு முன்னும் பின்னும் வாரங்களை எண்ணி ஒப்பிடுவதே முறையாகும்.

முடிவுரை

ட்ராய்டின் விளம்பரம் வெற்றி பெற்றது, தொடுதிரைத் திறன்பேசிக்காக ஏற்கெனவே காத்திருந்த ஒரு கூட்டத்தை, பொருள் கையிருப்பில் உள்ள கடைக்கு, செலவிடும் பருவத்தில் அழைத்துச் சென்றதால் ஆகும். நெக்சஸ் ஒன்னுக்கு அக்கடையும் அப்பருவமும் வாய்க்கவில்லை. லூமியாவின் அறிவிப்புகளோ வாங்க வந்தவர்களையே காத்திருக்கச் செய்தன. விளம்பரத்தின் பங்கை அளக்க விரும்பும் ஆய்வு, அவ்விளம்பரம் வெளிவந்த நாளில் பொருள் எங்கே கிடைத்தது, வாங்குவோர் எதற்காகக் காத்திருந்தனர் என்னும் இரு வினாக்களுக்கு முதலில் விடை காண வேண்டும். அவ்விடைகள் இன்றிப் பெறப்படும் தாக்க அளவு, விளம்பரத்திற்கு உரியதா காலத்திற்கு உரியதா என்று பிரித்தறிய இயலாத ஒன்றாகவே எஞ்சும்.