மேகக் கணினியும் அத்தாட்சிப் பத்திரமும்

இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும், மலைக்குக் கீழே தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலும் ஏலக்காய் ஏலம் நடைபெறுவதை எல்லைப்புற மக்கள் நன்கு அறிவர். இவ்விரு ஏலக் கூடங்களையும் 2021-ஆம் ஆண்டில் இந்திய நறுமணப் பொருள் வாரியம் மேகக் கணினியின் வாயிலாக இணைத்தது. போடியில் அமர்ந்திருக்கும் வியாபாரி, புத்தடியில் ஏலத்துக்கு வந்த சரக்குக்கு அங்கிருந்தபடியே விலை கேட்க இதனால் வழி பிறந்தது. தராசுக்கு முத்திரை உண்டு. விலையைப் பதிவு செய்யும் மென்பொருளுக்கு எது முத்திரை என்று விவசாயி வினவினால் ஊழியர்கள் விடை கூறல் வேண்டும்.

மேகக் கணினி என்பது வானத்தில் இருப்பதன்று. ஏதோ ஒரு நகரில், குளிரூட்டிய கட்டடத்தில், ஆயிரக்கணக்கான கணினிகள் இயங்குகின்றன. அவற்றின் ஒரு பகுதியை வலைத் தொடர்பின் மூலம் வாடகைக்குப் பெறுகிறோம், அவ்வளவே. எனவே பொறுப்பும் இரண்டாகப் பிரிகின்றது. கட்டடம், மின்சாரம், இயந்திரங்கள் ஆகியவற்றைக் காப்பது வாடகைக்கு விடுவோரின் கடமை. கடவுச்சொல், பயனாளரின் அனுமதி, விவரங்களின் மறுபிரதி ஆகியவை மென்பொருளை ஆக்கியோரின் கடமை. முதற்பகுதிக்குக் கிடைத்த சான்று இரண்டாவதற்குச் செல்லாது. இதனைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பகுதியில் ஓர் இளைஞர், பால் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குக்கென ஒரு செயலியை ஆக்குகிறார் எனக் கொள்வோம். அவர் வாடகைக்கு எடுக்கும் மேகச் சேவை, மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் பட்டியலில் இடம்பெற்றதாக இருக்கலாம். அமைச்சகத்தின் தரச்சான்று இயக்ககமாகிய எஸ்.டி.க்யூ.சி. தணிக்கை செய்த பின்னரே அப்பட்டியலில் சேர்க்கப்படுகின்றது. ஆயினும் இளைஞரின் செயலியைத் தனியே சோதித்தாக வேண்டும். அரசுக் கணினியில் அதனை ஏற்றுவதாயின், 2004 முதல் பணியாற்றி வரும் செர்ட்-இன் அமைப்பு அங்கீகரித்த தணிக்கையாளரிடம் பாதுகாப்புச் சான்று பெறுதல் வழக்கம். தனியார் மேக நிறுவனங்களும் தம் பங்குக்குச் சோதனை வைத்துள்ளன. அமேசான் நிறுவனத்தின் அடிப்படைத் தொழில்நுட்ப மீளாய்வு அவற்றுள் ஒன்று.

தணிக்கையாளர் எதைத் தேடுகிறார்? ஓர் எளிய குறையைப் பார்ப்போம். 112-ஆம் எண்ணுள்ள உறுப்பினர் தம் கணக்கைத் திறக்கிறார். திரையின் மேலுள்ள முகவரியில் அவரது எண் தெரிகின்றது. அதனை 113 என்று மாற்றியவுடன் அயலாரின் பால் கணக்கும் வங்கி எண்ணும் திறந்துகொள்ளுமானால், அச்செயலியின் கதவுக்குப் பூட்டு இருந்தும் அறைகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பது பொருள். அனுமதிக் கட்டுப்பாட்டில் நேரும் இவ்வகைக் குறையே, வலைச் செயலிகளின் அபாயங்களைத் தொகுக்கும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021-ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பெற்றது. பள்ளிகளிலும் இதே அபாயம் உண்டு. மாணவரின் சாதி, முகவரி, மதிப்பெண் ஆகியவை பிறர் கண்ணில் படலாகாது. மென்பொருளின் வரிகளுக்குள்ளேயே கடவுச்சொல்லை எழுதி வைத்தல், மறுபிரதி எடுத்தும் அதிலிருந்து மீட்டுப் பாராதிருத்தல் ஆகியனவும் குறைகளே.

முதல் சோதனையில் குறைகள் வெளிப்படுவது இயல்பு. சிறிய குழுவினர் அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. அறிக்கையைப் பெற்று, திருத்தி, மறுசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். கட்டணம் இரு சோதனைகளுக்கும் சேர்த்தா என்பதை முன்னரே எழுத்தில் கேட்டுக்கொள்வது நலம்.

சான்று வழங்கப்பட்ட பின்னரும் கடமை தீர்வதில்லை. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த ஆணையின்படி, குறிப்பிட்ட கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவித்தல் வேண்டும். இயக்கப் பதிவுகளை 180 நாட்கள் காத்து வைத்தல் வேண்டும்.

சான்றிதழ் ஒன்று தம் பார்வைக்கு வரும்போது ஊழியர்களும் ஆசிரியர்களும் அதிலுள்ள இலச்சினையைக் கண்டு அமைதல் போதாது. எந்தப் பதிப்பு சோதிக்கப்பட்டது, எந்த வலைமுகவரியில், எந்த நாளில் என்னும் மூன்றையும் படித்தறிதல் வேண்டும். நேற்று புதிய பதிப்பு ஏற்றப்பட்டிருப்பின், சென்ற ஆண்டுச் சான்று பழைய பதிப்பையே குறிக்கும். மாற்றங்கள் மீண்டும் சோதிக்கப்பட்டனவா என்று செயலியை ஆக்கியவரிடம் கடிதம் மூலம் கேட்டு, விடையைக் கோப்பில் சேர்க்கலாம்.