தொடுபலகை முரண்டு பிடித்தால்

மடிக்கணினியின் விசைப்பலகைக்குக் கீழே வழவழப்பான சிறு பலகை ஒன்று உண்டு. டச்பேட் என்று அதை வழங்குகிறோம். தமிழில் தொடுபலகை எனலாம். அதன்மேல் விரலை இழுத்தால் திரையில் சுட்டி நகரும். அது நகர மறுத்தால், கணினியே கெட்டுவிட்டது என்று பலரும் முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு எளியோர் வீட்டில் பெரும் இழப்பாகிவிடும். 2011-ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில், லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த 'பாஸ்' என்னும் இயங்குதளமும் இருந்தது. அத்தகைய கணினி ஒன்று சிறு கோளாறுக்காக மூலையில் முடங்குமாயின், ஒரு பிள்ளையின் படிப்பும் உடன் முடங்கும்.

எளிமையிலிருந்து அருமைக்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற முதற்பாடங்களுள் ஒன்று. வகுப்பில் விடை சொல்லாத மாணவனை அறிவிலி என்று தள்ளிவிடலாகாது. வினா அவன் காதில் விழுந்ததா, விழுந்தது விளங்கிற்றா என்று முறையே பார்க்க வேண்டும். தொடுபலகைக்கும் இம்முறையே பொருந்தும்.

முதலில் அது இயங்கும் விதத்தை அறிவோம். பலகையின் அடியில் நுண்ணிய மின்கம்பி வலை இருக்கிறது. விரல் நெருங்கும்போது அவ்விடத்து மின்தேக்குத் திறன் மாறுகிறது. அம்மாற்றத்தை அளந்தே விரலின் இடம் அறியப்படுகிறது. ஈரமும் வியர்வையும் இவ்வளவையைக் குழப்பிவிடும். எனவே கையையும் பலகையையும் உலர்ந்த துணியால் துடைப்பதே முதல் மருத்துவம்.

இரண்டாவது, விசை. மேல்வரிசை விசைகளுள் ஒன்றில் தொடுபலகையின் சிறு படம் பல கணினிகளில் இருக்கும். கை தவறி அது அழுந்தினால் பலகை அடங்கிவிடும். எங்கள் தெருவில் கல்லூரி மாணவி ஒருத்தியிடம், பலகையையே மாற்ற வேண்டும் என்று ஒரு பழுதுபார்ப்புக் கடையில் சொல்லியிருந்தனர். அவள் கேட்டபோது அவ்விசையை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். ஒரே அழுத்தத்தில் சுட்டி நகர்ந்தது.

மூன்றாவது, அமைப்புகள். வெளியே சுட்டெலி இணைந்திருக்கும்போது தொடுபலகையை அணைத்துவைக்கும் ஏற்பாடு சில கணினிகளில் உண்டு. தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை பட்டுச் சுட்டி தாவாதிருக்கும் பொருட்டு, அவ்வேளையில் பலகையைச் சற்று அடக்கி வைக்கும் ஏற்பாடும் உண்டு. இது பழுதன்று, பாதுகாப்பு. அவ்வாறே, மெல்லத் தட்டினால் சொடுக்காகாமல் அழுத்தினால் மட்டும் சொடுக்காகிறது என்றால், தட்டுதலை ஏற்கும் தெரிவு அணைந்திருக்கிறது என்று பொருள்.

இவற்றாலும் தீராவிடில், இயங்குதளம் பலகையை அறிந்துகொண்டதா என்று கேட்க வேண்டும். லினக்ஸில் கெர்னல் எனப்படும் மையப்பகுதி பலகையின் செய்தியை வாங்குகிறது. 2014-இல் முதற்பதிப்பு வெளிவந்த லிப்இன்புட் என்னும் நிரல் அச்செய்திக்குப் பொருள் கொள்கிறது. 'லிப்இன்புட் லிஸ்ட்-டிவைசஸ்' என்னும் கட்டளையை நிர்வாகி உரிமையுடன் இட்டால், கணினி அறிந்த உள்ளீட்டுக் கருவிகளின் பட்டியல் வரும். அதில் தொடுபலகையின் பெயர் இருந்தால், குறை பெரும்பாலும் அமைப்புகளில்தான். பெயர் இல்லையேல், குறை கெர்னலிலோ கருவியிலோ இருக்கக்கூடும்.

கணினி உறங்கி விழித்தபின் மட்டும் பலகை செயலற்றுப்போவதும் உண்டு. முதலில் கணினியை முற்றிலும் அணைத்துத் திறந்து பாருங்கள். அதன்பின் பலகை இயங்கினால் அதன் உறுப்புகள் நலமே; விழித்தெழும்போது அதை மீண்டும் தட்டியெழுப்பக் கெர்னல் தவறுகிறது என்று கொள்ளலாம். பழைய வகைப் பலகைகளுக்கு 'பிஎஸ்மவுஸ்' என்னும் கெர்னல் கூறினை நீக்கி மறுபடி ஏற்றினாலே போதுவதுண்டு.

மற்றொரு சோதனை, புதிய லினக்ஸ் பதிப்பொன்றை யூஎஸ்பி நினைவியிலிருந்து, கணினியில் நிறுவாமலே, இயக்கிப் பார்ப்பது. அங்கே பலகை இயங்கினால் கருவியில் பழுதில்லை. பழைய பதிப்பைப் புதுப்பித்தால் போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். மாற்றியதை ஏட்டில் குறித்து வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பலகை மேலெழும்பியோ, அழுத்த முடியாமல் இறுகியோ இருந்தால், அடியிலுள்ள மின்கலம் வீங்கியிருக்கலாம். அதை அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், மின்னேற்றாதீர்கள். கணினியை அணைத்து, தேர்ந்தவரிடம் கொடுங்கள். அது தீப்பற்றக்கூடியது.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸின் மூலநிரல் எவரும் படிக்கும்படி திறந்திருக்கிறது. ஆகவே, உங்கள் கணினியின் வகையையும், நீங்கள் செய்து பார்த்தவற்றையும் முறையாக எழுதி அதை உருவாக்குவோர்க்குத் தெரிவித்தால், அவர்கள் திருத்துவதற்கு வழி பிறக்கும். அத்திருத்தம் அதே வகைக் கணினி வைத்திருக்கும் அனைவருக்கும் பயன்படும். மூலையில் கிடக்கும் மடிக்கணினி ஏதேனும் உங்கள் வீட்டில் இருக்குமாயின், அதைப் பழையன வாங்குவோரிடம் போடுமுன் இவ்வரிசைப்படி ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.