பேர் தெரியாத மாத்திரையை விழுங்கலாமா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்புப் பணம் எண்ணி முடித்த நேரம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு உறுப்பினர், பர்சில் காகிதத்தில் மடித்து வைத்திருந்த வெள்ளை மாத்திரையை எடுத்து வாயில் போடப் போனார்.

"என்ன மாத்திரைங்க அது?" என்று கேட்டேன்.

"வயித்து வலிக்குங்க மேடம். கம்பெனியில சூப்பர்வைசர் குடுத்தாருங்க."

"பேரு என்னங்க?"

"பேரெல்லாம் தெரியாதுங்க. போட்டா அரை மணியில வலி நின்னுரும். பீஸ் எண்ணிக்கை குறையாதுங்க."

பக்கத்தில் இருந்தவர்களும் "எங்களுக்கும் அதுதானுங்க" என்றார்கள். மாதவிலக்கு நாட்களில் மட்டும் இல்லை, தலைவலி, இடுப்பு வலி எல்லாவற்றுக்கும் அதே வெள்ளை மாத்திரைதானாம்.

இது ஒரு கம்பெனியில் மட்டும் நடப்பது அல்ல. 2019-ஆம் ஆண்டு தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் என்ற செய்தி நிறுவனம் தமிழ்நாட்டு கார்மென்ட்ஸ் பெண்கள் சுமார் 100 பேரிடம் பேசியது. அத்தனை பேருக்கும் மாதவிலக்கு வலிக்கு பேர் இல்லாத மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். என்ன மருந்து, எப்போது காலாவதி என்று எதுவும் இல்லை. அதனால் உடம்பு கெட்டது என்று பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்னார்கள்.

மாத்திரை உடம்பில் என்ன செய்கிறது?

இப்படிக் கொடுக்கப்படுபவை பெரும்பாலும் இபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகள். மருந்து கெட்டது அல்ல. டாக்டர்களே மாதவிலக்கு வலிக்கு எழுதித் தருவதுதான். தெரியாமல் போடுவதுதான் ஆபத்து.

மாதவிலக்கின்போது உடம்பில் ஒரு பொருள் சுரந்து கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிறது. அதனால்தான் வலி. மாத்திரை அந்தப் பொருளைக் குறைக்கிறது, வலி நிற்கிறது. ஆனால் இரைப்பையின் உள்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் சரியாகப் போக உதவுவதும் அதே வகைப் பொருள்தான். காலையில் சாப்பிடாமல் ஓடிப்போய் வெறும் வயிற்றில் அடிக்கடி போட்டால் எரிச்சல் வரும், புண் வரும், உள்ளே ரத்தம் கசியும். பாத்ரூம் போக விட மாட்டார்கள் என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பவருக்கு சிறுநீரகமும் பாதிக்கலாம்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ஏற்கெனவே ரத்தம் குறைவு. அதிலும் வயிற்றுக்குள் கசிந்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

நர்ஸ் எப்படிக் கொடுப்பார்?

நர்ஸ் படிப்பில் முதலில் சொல்லித் தருவது ஐந்து 'சரி'கள்:

1. சரியான ஆள்
2. சரியான மருந்து
3. சரியான அளவு
4. சரியான வழி (வாயிலா, ஊசியா)
5. சரியான நேரம்

கொடுத்த பிறகு எழுதி வைக்க வேண்டும். கொடுப்பதற்கு முன்பே சில கேள்விகள் உண்டு. சாப்பிட்டீர்களா? நாள் தள்ளிப் போயிருக்கிறதா? முன்பு எந்த மருந்தாவது அரிப்பு, வீக்கம் கொடுத்ததா? ஆஸ்துமா, அல்சர், பிரஷர், சிறுநீரகக் கோளாறு உண்டா? வேறு மாத்திரை போடுகிறீர்களா? கர்ப்பமாக இருப்பவர், ஆஸ்துமா உள்ளவர் இந்த மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது.

சூப்பர்வைசர் இதில் எதைக் கேட்டார்?

சரியாகச் செய்வது பெரிய படிப்பு படித்தவர்களால் மட்டும்தான் முடியும் என்று நினைக்க வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுப்பவர்கள் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள்தான்.

நாம் என்ன செய்யலாம்?

* அட்டை இல்லாத மாத்திரையை வாங்காதீர்கள். "அட்டையைக் காட்டுங்க, பேரும் தேதியும் பார்க்கிறேன்" என்று கேளுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் படித்தவரிடம் காட்டுங்கள்.
* வலி மாத்திரையை சாப்பிட்ட பிறகே போடுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஒன்றில் வலி நிற்கவில்லை என்று உடனே இன்னொன்று போடாதீர்கள்.
* 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் முதலுதவி அறையும், மருத்துவப் பணியாளரும் இருக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது இது. 2020-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் 500 பேருக்கு மேல் என்றால் முதலுதவி அறை கட்டாயம்.
* ஈ.எஸ்.ஐ.க்கு உங்கள் சம்பளத்தில் 100-க்கு 75 பைசா பிடிக்கிறார்கள். அது உங்கள் பணம். கார்டை வீட்டில் பூட்டி வைக்காமல் மருந்தகத்துக்குப் போங்கள்.
* மலம் கறுப்பாகப் போனால், ரத்த வாந்தி எடுத்தால், மயக்கம் வந்தால், மாத்திரை போட்ட பின் முகம் வீங்கினால், மூச்சுத் திணறினால் 108-ஐ உடனே கூப்பிடுங்கள்.
* ஏழு நாளுக்கு மேல் உதிரம் போனாலும், ஒரு மணிக்கு ஒரு துணி மாற்ற வேண்டி வந்தாலும், மாதாமாதம் வலி கூடிக்கொண்டே போனாலும் மாத்திரையால் மறைக்காமல் டாக்டரைப் பாருங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

அந்த உறுப்பினர் அடுத்த வாரமே ஈ.எஸ்.ஐ. மருந்தகம் போனார். பல மாதமாக வயிறு எரிந்ததை அன்றுதான் டாக்டரிடம் சொன்னாராம். ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். கம்பெனியிலும் அட்டையைக் கேட்டார். சூப்பர்வைசர் முறைத்தாராம். "தனியாக் கேட்கப் பயமாத்தானுங்க இருந்துச்சு. எங்க லைன்ல நாலு பேரு சேந்து கேட்டோம். இப்ப அட்டையோட குடுக்கறாங்க" என்றார்.

தனியாகக் கேட்க முடியாததைச் சேர்ந்து கேட்கத்தானே குழு?

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்:

* நம் குழுவில் எத்தனை பேர் பேர் தெரியாத மாத்திரை போடுகிறோம்?
* நம் கம்பெனியில் முதலுதவி அறை இருக்கிறதா? அதில் யார் இருக்கிறார்?
* ஈ.எஸ்.ஐ. கார்டு இல்லாதவர் யார்? வாங்கித் தர குழு என்ன செய்யும்?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக்கு அனுப்பி வையுங்கள்.