மாசாமாசம் கொடுக்கும் இருபது ரூபாய் எங்கே போகிறது?



போன வருஷம் மிளகு அறுப்பு சமயத்தில் சோளக்காடு சந்தைப் பக்கம் ஒரு வேன் வந்து நின்றது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மைக் செட், பெரிய பேனர், அதில் தட்டு ஏந்திய குழந்தைகளின் படம். "ஆதரவற்ற பிள்ளைகளுக்கு மாதம் இருபது ரூபாய் போதும்" என்று கேட்டார்கள். வந்தவர்கள் அம்மா, அக்கா என்று மரியாதையாகத்தான் பேசினார்கள். நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவில் 12 பேர் பெயர் கொடுத்தார்கள். மாசம் 240 ரூபாய். ஒரு பையன் பைக்கில் வந்து வாங்கிக்கொண்டு ரசீது கிழித்துக் கொடுத்துவிட்டுப் போவான். எட்டு மாசம் இப்படி நடந்தது. ஒன்பதாம் மாசம் பையன் வரவில்லை. போன் போட்டால் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

ரசீதில் இருந்த முகவரியை எடுத்துக்கொண்டு குழுவின் ஊக்குநரும் நாங்களும் 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போனோம். தேடிக் கண்டுபிடித்த வீடு பூட்டிக் கிடந்தது. "ரெண்டு மூணு மாசம் ஆபீஸ்னு வச்சிருந்தாங்க, காலி பண்ணிட்டாங்க. குழந்தைங்களா? இங்க எந்தக் குழந்தையும் இருந்ததில்லைங்க" என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

போனது 1,920 ரூபாய். அதைவிட அடுத்த வாரக் கூட்டத்தில் நடந்ததுதான் எங்களுக்குப் பெரிதாகப் பட்டது. "இனிமே யாருக்கும் பத்து பைசா கொடுக்கக் கூடாதுன்னு தீர்மானம் எழுதுங்க" என்று பாதிப்பேர் சொன்னார்கள். மூத்த உறுப்பினரான ஆயா ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "நாம ஏமாந்தது நாம விசாரிக்காததால. நிஜமாவே சோறு இல்லாத புள்ளைங்க என்ன தப்பு பண்ணுச்சு?" என்று கேட்டார். தீர்மானம் எழுதாமலே கூட்டம் கலைந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நாங்கள் நாலைந்து இடத்தில் விசாரித்தோம். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

கொடுப்பது நமக்குப் புதுசு இல்லை. கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஆடியில் செம்மேட்டில் அவருக்கு விழா எடுக்கிறோம். ஓரி கொடுத்தது ராஜா வீட்டுச் சொத்து. நாம் கொடுப்பது அன்னாசி சுமந்த கூலி. அதனால் நாம் ராஜாவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே விசாரிக்கலாம், தப்பில்லை! சிறுகச் சிறுகக் கொடுப்பதும் பழைய பழக்கம்தான். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாகப் போட்டு வைக்கும் பிடியரிசி வழக்கம் நம் பெரியவர்களுக்குத் தெரியும். வடகிழக்கே மிசோரம் மாநிலத்தில் பெண்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக இதையே செய்கிறார்கள். ஒவ்வொரு முறை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறார்கள். அதைச் சேகரித்து விற்று, வரும் பணத்தைத் திருச்சபை வேலைக்குக் கொடுக்கிறார்கள். ஒரு பிடிதானே என்று விடாமல் எல்லா வீட்டிலும் செய்வதால் அது பெரிய தொகையாகிறது.

சரி, யாருக்குக் கொடுப்பது, எப்படி நம்புவது? இதற்கு எந்தப் புத்தகமும் நமக்குத் தேவையில்லை. நம் குழுவில் ஒரு சகோதரி கடன் கேட்டால் என்ன செய்கிறோம்? எதற்கு என்று கேட்கிறோம். போன கடனைக் கட்டினாரா என்று பேரேட்டில் பார்க்கிறோம். தீர்மானம் எழுதுகிறோம். ஆடு வாங்கக் கடன் வாங்கியவர் வீட்டில் ஆடு நிற்கிறதா என்று போய்ப் பார்க்கிறோம். கூடப் பிறந்த தங்கையாக இருந்தாலும் இதை விடுவதில்லை. பஞ்ச சூத்திரத்தில் வழக்கமான கூட்டமும் முறையான கணக்கும் ஏன் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். ஆனால் பேனரில் குழந்தை படத்தைப் பார்த்ததும் இதெல்லாம் மறந்து போகிறது. கணக்குக் கேட்டால் பாவம் என்று நினைத்துவிடுகிறோம்.

முதலில் காகிதத்தைப் பார்ப்போம். ஒரு தொண்டு நிறுவனம் பெரும்பாலும் இரண்டு விதத்தில் பதிவாகியிருக்கும். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவு செய்திருப்பார்கள். சங்கம் என்றால் 1975-ம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு இருக்கும். இந்தப் பதிவு எண் ரசீதில் இருக்க வேண்டும். நித்தி ஆயோக்கின் 'தர்பன்' எண்ணும் பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. செல்போனில் தேடிப் பார்க்கலாம், ஊக்குநரைக் கேட்டால் பார்த்துச் சொல்வார். ஆனால் ஒன்று. பதிவு எண் என்பது ரேஷன் கார்டு மாதிரி. இப்படி ஒருத்தர் இருக்கிறார் என்று அது சொல்லும். அவர் நல்லவரா என்று சொல்லாது.

80ஜி என்று பெருமையாகச் சொல்வார்கள். அது நன்கொடை கொடுப்பவருக்குக் கிடைக்கிற வருமான வரிச் சலுகையின் பழைய பிரிவு எண். வருமான வரி கட்டாத நமக்கு அதனால் நேரடி லாபம் கிடையாது. இருந்தாலும், அந்த அனுமதி வாங்கிய நிறுவனம் வருமான வரித் துறைக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது என்பதால் கேட்டு வைப்பது நல்லது.

குழந்தைகள் இல்லம் என்றால் விஷயம் வேறு. இங்கே சட்டம் கடுமையாகவே இருக்கிறது. 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி ஆதரவற்ற பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கும் எந்த இல்லமும் பதிவு செய்தே ஆக வேண்டும். அரசு உதவி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதுதான் விதி. பதிவை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவு இல்லாமல் நடத்தினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கும். இதைக் கவனிக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. "இந்தப் பெயரில் ஒரு இல்லம் பதிவாகியிருக்கிறதா?" என்று அங்கே கேட்கலாம். அந்த வேன் வந்த அன்றே இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் 1,920 ரூபாய் மிஞ்சியிருக்கும். எங்களுக்கும் அப்போது தோன்றவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறோம். ஒரு இல்லத்தில் பிள்ளைகளை அடிக்கிறார்கள், வேலை வாங்குகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் 1098-க்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம்.

காகிதம் சரியாக இருந்தால் அடுத்தது நேரில் போவது. பதிவாகியிருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட ஓர் இல்லத்துக்கு, முன்கூட்டியே போன் செய்து அனுமதி வாங்கிக்கொண்டு, அதே குழுவிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனோம். (பெயரை இங்கே எழுதவில்லை. விளம்பரம் செய்தது போல ஆகிவிடும்.) பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்தது. வருகைப் பதிவேட்டில் எங்கள் பெயரை எழுதச் சொன்னார்கள். போன வருஷத் தணிக்கை அறிக்கையைக் கேட்டோம், முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். நம் குழுக் கணக்கர் அதை விரல் வைத்து வரி வரியாகப் படித்ததைப் பார்த்து அந்த அம்மாவே அசந்து போனார்.

நம் சகோதரி ஒருவர் பிள்ளைகளோடு போட்டோ எடுக்கப் போனார். கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அவருக்கு முகம் வாடிப்போய்விட்டது. "காசு கொடுக்க வந்திருக்கோம், ஒரு போட்டோவுக்கு இவ்வளவு பிகு பண்றாங்களே" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம். நம் பிள்ளை தட்டேந்தி நிற்கும் படத்தை யாராவது பேனரில் போட்டால் நாம் பொறுத்துக்கொள்வோமா? இப்படிப்பட்ட பிள்ளைகளின் அடையாளத்தைப் பத்திரிகையில் வெளியிடுவதை மேலே சொன்ன சட்டமே தடுக்கிறது. போட்டோ எடுக்க விடாத இடத்தைத்தான் நாங்கள் கூடுதலாக நம்புவோம்.

இன்னொன்றையும் அங்கே தெரிந்துகொண்டோம். பிறந்த நாள், கல்யாண நாள் என்று வந்து பிரியாணி போடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்களாம். சில ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு விருந்து வந்து ஒன்று வீணாகிறது. கரண்ட் பில், காய்கறி, சமையல்கார அம்மா சம்பளம், ராத்திரி காவலுக்கு இருப்பவர் சம்பளம், இதற்கெல்லாம் யாரும் கொடுப்பதில்லை. விருந்து போட வருகிறவர்கள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நன்றி சொல்லச் சொல்கிறார்களாம். "மாசம் 200 ரூபாய் தவறாம வந்தா அது எனக்கு ஒரு நாள் பிரியாணியைவிடப் பெருசு, ஏன்னா அதை நம்பி நான் கணக்குப் போடலாம்" என்றார் பொறுப்பாளர் அம்மா. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் நடந்ததை மூத்த உறுப்பினர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். லாரி லாரியாகப் பழைய துணி போய் இறங்கியது, வாங்க ஆளில்லாமல் ரோட்டோரத்தில் குவியல் குவியலாகக் கிடந்தது. கொடுத்தவர்கள் நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள், என்ன வேண்டும் என்று கேட்கத்தான் விட்டுவிட்டார்கள்.

இதனால்தான் "நூற்றுக்கு நூறும் பிள்ளைகளுக்கே போகிறது, நிர்வாகச் செலவே கிடையாது" என்று யாராவது சொன்னால் எங்களுக்குச் சந்தேகம் வருகிறது. கணக்கு எழுதுகிறவர் யார்? சமைக்கிறவர் யார்? நம் கூட்டமைப்பிலேயே கணக்கருக்கு மதிப்பூதியம் கொடுக்கிறோம், அதனால்தான் கணக்கு ஒழுங்காக இருக்கிறது. செலவு இருப்பது தப்பில்லை. எவ்வளவு, எதற்கு என்று சொல்லத் தெரிய வேண்டும்.

நல்ல இடம் தூரத்திலும் இருக்கலாம். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நம்மில் சிலர் பார்த்திருக்கிறோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்திய மாதர் சங்கம் என்ற பெண்கள் அமைப்பின் மூலம் நிதி திரட்டி 1954-ல் 12 படுக்கையோடு ஆரம்பித்தார். ஒரு பெண்கள் சங்கம் தூக்கிவிட்ட வேலை அது என்று நினைக்கும்போது எங்களுக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இவ்வளவு வருஷம் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நடக்கிற வேலையைத் தூரத்திலிருந்தும் விசாரிக்க முடியும். நேற்று ஆரம்பித்த இடம் என்றால் நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முறை பற்றியும் சொல்ல வேண்டும். பைக்கில் வருகிற பையனிடம் ரொக்கம் வேண்டாம். நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் கட்டுங்கள். செல்போனில் ஸ்கேன் செய்தால் திரையில் வருகிற பெயரைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் வராமல் யாரோ ஒரு தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். "இன்னைக்கே கட்டணும், நாளைக்கு முடியாது" என்று அவசரப்படுத்துகிறவர்களிடம் "குழுவில் பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று சொல்லுங்கள். இது பொய்யும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை.

"எங்க டிரஸ்டுக்கு வெளிநாட்டுப் பணம் வருது, நீங்க ஆளுக்கு 500 கட்டினா குழுவுக்கு லட்ச ரூபாய் வாங்கித் தருவோம்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களையும் தொண்டு நிறுவனம் என்று நினைத்துவிடாதீர்கள். கொடுத்தால் திரும்ப வரும் என்று சொன்னால் அது தர்மம் இல்லை, வலை. வெளிநாட்டு நன்கொடை வாங்க உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். 2020-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அப்படி வாங்கிய பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது.

முக்கியமான ஒன்று. குழுவின் சேமிப்பு, சுழல் நிதி, வங்கிக் கடன் எதிலிருந்தும் நன்கொடைக்குப் பணம் எடுக்கக் கூடாது. அது எல்லோருடைய பணம். கொடுக்க விரும்புகிறவர் தன் கைக்காசில் கொடுக்கட்டும், அதற்குத் தனி நோட்டு இருக்கட்டும். கொடுக்க முடியாதவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. மழை பொய்த்த வருஷம் நிறுத்தி வைத்தாலும் குற்றமில்லை, அந்த இல்லத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

அந்தக் குழு இப்போது என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். 12 பேரில் 9 பேர் மறுபடியும் மாசம் இருபது ரூபாய் போடுகிறார்கள், மூன்று பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். 180 ரூபாய் நாங்கள் போய்ப் பார்த்த இல்லத்தின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. ரசீது வந்ததும் கூட்டத்தில் வாசிக்கிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு பேர் நேரில் போய்ப் பார்த்து வர வேண்டும் என்று தீர்மானம் எழுதியிருக்கிறார்கள். போட்டோ எடுக்க முடியாமல் கோபித்துக்கொண்ட சகோதரிதான் முதலில் பெயர் கொடுத்தார்.

ஆடிப் பதினெட்டு முடிந்த அடுத்த வாரம் நாங்கள் மறுபடியும் கீழே போகிறோம். மற்ற குழுக்களிலிருந்து பார்க்க விரும்புகிறவர்கள் உங்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள். பஸ் செலவு அவரவருடையது. உங்கள் வீட்டில் நன்கொடை ரசீதுகள் கிடந்தால் அவற்றையும் எடுத்து வாருங்கள், உட்கார்ந்து ஒன்றாகப் பார்ப்போம்.