ஓடும் எலக்ட்ரான், இழுபடும் புரோட்டான்

துகள்களைச் சுற்றவிட்டு முடுக்கும் சைக்ளோட்ரானில் புரோட்டானைத் தள்ளுவது உலோக மின்வாய்களுக்கு நடுவே உள்ள மின்புலம். அதை விரும்பிய அளவுக்குக் கூட்ட முடியாது. ஓர் எல்லைக்கு மேல் மின்வாய்களுக்கிடையே பொறி பறக்கத் தொடங்கிவிடும். அதனால் ஒரே துகளைச் சிறு சிறு தள்ளல்களாகப் பல நூறு முறை சுற்றவிட வேண்டியிருக்கிறது. சென்னை தரமணியில் 2019இல் திறக்கப்பட்ட அப்போலோ புரோட்டான் புற்றுநோய் மையத்தின் சைக்ளோட்ரான், 230 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை எட்டுவதற்காக 200 டன்னுக்கு மேல் எடை கொண்டிருக்கிறது. பிளாஸ்மாவில் இந்தத் தொல்லை இல்லை. அணுக்கள் ஏற்கெனவே அயனிகளும் எலக்ட்ரான்களுமாகப் பிரிந்துவிட்ட பொருள் அது. இனி அதில் உடைய ஏதுமில்லை.

சில மைக்ரோமீட்டர் தடிப்புள்ள உலோகத் தகட்டின் மீது, சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁸ வாட்டுக்கும் மேல் செறிவுள்ள லேசர் துடிப்பு விழுந்தால் முன்பக்கம் உடனே பிளாஸ்மாவாகிறது. ஒளி உதைத்த எலக்ட்ரான்கள் தகட்டைத் துளைத்துக்கொண்டு பின்பக்கம் வெளியேறுகின்றன. எலக்ட்ரானைவிட 1,836 மடங்கு கனமான புரோட்டான் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகிறது. கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குத் தைப்பூச ரதம் போவதை நினைத்துக்கொள்ளலாம்: இழுப்பவர்கள் முன்னே, கனம் பின்னே. இங்கே வடமாக இருப்பது மின்புலம். மீட்டருக்கு ஏறத்தாழ லட்சம் கோடி வோல்ட் என்ற அளவுக்கு அது எழுகிறது; நீடிக்கும் தொலைவோ சில மைக்ரோமீட்டர்தான்.

உலோகத் தகட்டில் புரோட்டான் எங்கிருந்து வந்தது? பின்பரப்பில் ஒட்டியிருக்கும் ஈரத்திலிருந்தும் எண்ணெய்ப் படலத்திலிருந்தும்தான். யாரும் வேண்டுமென்று பூசாத அந்த அழுக்கில் இருக்கும் ஹைட்ரஜனின் கருவான புரோட்டானே முதலில் கழன்று பறக்கிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்து நோவா லேசரில் 58 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை புரோட்டான்கள் கிடைத்த செய்தி 2000இல் வெளியானது.

தகட்டுக்குப் பதிலாக வாயுவையும் இலக்காக வைக்கலாம். கரியமில வாயு லேசரின் அலைநீளம் 10 மைக்ரோமீட்டர் என்பதால், அடர்த்தி குறைந்த ஹைட்ரஜன் தாரையே அதைத் தடுத்து நிறுத்தும் சுவராகிவிடுகிறது. புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இப்படிப் பெற்ற புரோட்டான்களின் ஆற்றல் 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவுதான். ஆனால் அவை ஏறக்குறைய ஒரே ஆற்றலுடன் வந்தன. தகட்டிலிருந்து வருபவையோ பலவகை ஆற்றல்களின் கலவை. மருத்துவத்துக்குப் பெரிய தடை இந்தக் கலவைதான். ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வகம் 2022இல் லேசர் புரோட்டான்களால் எலியின் கட்டிக்குக் கதிர்வீச்சுக் கொடுத்துக் காட்டியது. 2024இல் 150 மெகா எலக்ட்ரான் வோல்ட்டைத் தொட்டது.

லேசர் இல்லாமலும் பிளாஸ்மா அயனிகளை முடுக்கும். அதற்கான எளிய கருவி ஒன்று உருவான இடம் கோலாலம்பூர். 1985-86இல் லெம்பா பந்தாயிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில், ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகமும் இத்தாலியின் திரியெஸ்தே இயற்பியல் மையமும் துணை நிற்க, பேராசிரியர் லீ சிங் குழு வளரும் நாடுகளின் ஆய்வாளர்களுக்குப் பயிற்சி நடத்தியது. 15,000 வோல்ட்டுக்கு மின்னேற்றிய ஒரே ஒரு மின்தேக்கி. ஆற்றல் சுமார் 3 கிலோஜூல். அது வெளியேறும்போது, ஒன்றினுள் ஒன்றாக நிறுத்திய மின்வாய்களுக்கிடையே பிளாஸ்மாப் படலம் ஓடி, முனையில் அச்சை நோக்கிச் சுருங்கி, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய இழையாக நெரிகிறது. மின்னோட்டம் சட்டென்று இறங்க, ஏற்றிய வோல்ட்டைவிடப் பல மடங்கு மின்னழுத்தம் அங்கே பிறக்கிறது. உள்ளே நிரப்பிய டியூட்டீரிய (கன ஹைட்ரஜன்) வாயுவின் அயனிகள் பல லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுடன் பாய்கின்றன. அவை வாயுவில் மோதிப் பிறக்கும் நியூட்ரான்கள், வெடிப்புக்குப் பத்துக் கோடி அளவில், அதற்குச் சாட்சி. வாயுவை ஹைட்ரஜனாக மாற்றினால் பாய்பவை புரோட்டான்கள்.

பெரும் லேசர்கள் செல்வமுள்ள ஆய்வகங்களின் உடைமை. இந்தக் கருவியோ, வாங்கக்கூடிய விலையில், கையால் கூட்டிப் பழுதுபார்க்கத் தக்கதாக வடிவமைக்கப்பட்டது. இந்த இயலின் வரலாற்றில் அதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. 1988இல் வெளிவந்த அதன் ஆய்வுக்கட்டுரையில் மலேசியர்களுடன் பாகிஸ்தான், இந்தோனேசியா, எகிப்து, நைஜீரியா, சியரா லியோன் நாடுகளின் பயிற்சியாளர்களும் ஆசிரியர்கள். அதே ஆண்டு ஆசிய ஆப்பிரிக்கப் பிளாஸ்மா பயிற்சிச் சங்கம் அமைந்தது. அதே வடிவமைப்பில் பல நாடுகளின் ஆய்வகங்களில் கருவிகள் இயங்கத் தொடங்கின.